அவலாஞ்சிப் பக்கம் கூட்டிப்போக யாரைப் பிடிப்பது?

நீலகிரிக்கு வருகிறோம், டிரவுட் மீன் பிடிக்க ஆசை, அப்படியே காட்டையும் பார்க்கணும், நல்ல ஆளாக ஒருத்தர் நம்பர் கொடுங்கள் என்று வருஷம் முழுக்க யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஏப்ரல் மே வந்தால் கேட்கவே வேண்டாம். நான் நம்பர் கொடுப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஆட்கள் யாரும் இதையே முழுநேர வேலையாகச் செய்பவர்கள் இல்லை. கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறார்கள், மாடு வைத்திருக்கிறார்கள், தோட்டத்தில் வேலை ஓய்ந்த நாளில்தான் கூட வருவார்கள். அவர்கள் போனை நான் ஊருக்கெல்லாம் கொடுத்தால் அந்த நிம்மதியும் போய்விடும். ஆனால் ஆளை எப்படித் தேடுவது, என்ன கேட்பது, எதைக் கேட்கவே கூடாது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் தண்ணீர் யாருடையது என்று பாருங்கள். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி எல்லாம் குந்தா நீர்மின் திட்டத்து அணைகள், அதாவது மின்வாரியத்தினுடையவை. அதில் இருக்கும் மீன் மீன்வளத் துறையின் பொறுப்பு. கரையைச் சுற்றியிருக்கும் சோலைக்காடும் புல்வெளியும் வனத்துறையிடம். ஒரு துறை சரி என்றால் மற்ற இரண்டும் சரி என்று ஆகிவிடாது. முக்குருத்தி தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டிலைக் கையில் எடுக்கவே கூடாது. வெள்ளைக்காரர்கள் காலத்துக் குறிப்புகளில் மேற்குப் பக்கத்து ஓடைகளில் டிரவுட் பிடித்த கதைகள் நிறைய வரும், அதைப் படித்துவிட்டு அதே ஓடைக்குக் கூட்டிப்போகச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஓடைகளில் பல இன்று பூங்காவுக்குள்ளோ அதை ஒட்டிய காப்புக்காட்டிலோ இருக்கின்றன. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதே குற்றம். அபராதம் உங்களோடு போகாது, உங்களைக் கூட்டிப்போன உள்ளூர்க்காரருக்கு அந்தப் பக்கம் நடமாடுவதே சிக்கலாகிவிடும்.

அதனால் போனில் பேசும்போது என் முதல் கேள்வி: எந்தத் தண்ணீர், யாருடைய அனுமதி, சீட்டு யார் பெயரில் போடுவீர்கள்? நல்ல வழிகாட்டி இதற்கு நேராகப் பதில் சொல்வார். "இப்ப அங்க விடறதில்ல தம்பி, வேற இடம் பாக்கலாம்" என்பார், இல்லை "நீங்க ஊட்டியில மீன்வளத் துறை ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, அப்புறம் நான் நாள் சொல்றேன்" என்பார். "அதெல்லாம் நம்ம ஆள் இருக்கார் சார், பாத்துக்கலாம்" என்று வந்தால் போனை வைத்துவிடுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், தீ பிடிக்கும் காலத்தில் காட்டை மூடுவார்கள், பெருமழையில் பாதையை மூடுவார்கள், போன வருஷம் விட்ட இடத்தில் இந்த வருஷம் விடமாட்டார்கள். இதையெல்லாம் அன்றாடம் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் உள்ளூர் ஆள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இ-பாஸ் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம், உயர்நீதிமன்ற உத்தரவு அது.

சரி, மீனுக்கு வருவோம். டிரவுட் இந்த மலையின் மீன் இல்லை. 1860-களிலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் இங்கே டிரவுட் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. அப்புறம் மதராஸ் அரசின் மீன் நிபுணர் எச். சி. வில்சன் காலத்தில்தான், 1907-இல், அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த முட்டைகளில் தேறி நின்றது ரெயின்போ டிரவுட். அமெரிக்காவின் பசிபிக் பக்கத்து ஆறுகளில் பிறந்த மீன் அது, குளிர்ந்த, ஓடுகிற, காற்று நன்றாகக் கலந்த தண்ணீர் இருந்தால்தான் வாழும். தண்ணீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் திணற ஆரம்பித்துவிடும். தமிழ்நாட்டில் அதற்குத் தோதான தண்ணீர் மேல் மலைகளில் மட்டும்தான். எனக்கு இந்த மீன் மேல் கொள்ளை ஆசை. ஆனால் இது பூச்சியை மட்டும் தின்னாது, மீன்குஞ்சையும் தலைப்பிரட்டையையும் தின்னும், வேறெங்கும் இல்லாத தவளைகள் வாழும் மலை இது. ஏற்கெனவே டிரவுட் இருக்கும் ஏரியில், சீட்டு வாங்கிப் பிடிப்பதில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. புதிதாக இன்னொரு சோலை ஓடையில் கொண்டுபோய் விடலாம் என்று யாராவது சொன்னால் எதிர்த்துத்தான் பேசுவேன்.

டிரவுட்டை நாங்கள் பிடிப்பது ஃப்ளை ஃபிஷிங் என்ற முறையில், தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. புழுவோ மாவோ கோர்ப்பதில்லை. சின்னத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் முடியும் சுற்றி ஒரு பூச்சியைப் போலச் செய்திருப்பார்கள். அதற்கு எடையே கிடையாது, அதனால் வீசினால் போகாது. எடை முழுக்கத் தடித்த அந்தக் கயிற்றில்தான், கயிற்றைப் பின்னால் விரித்து முன்னால் விரித்தால் அது பூச்சியை இழுத்துக்கொண்டு போகும். கயிறு பின்னால் விரிய இடம் வேண்டும். இங்கேதான் சிக்கல், ஓடைக்கரையில் பின்னால் ரோடோடென்ட்ரான் மரமோ சீகை மரமோ நிற்கும், பூச்சி போய்க் கிளையில் மாட்டிக்கொள்ளும். வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வருபவர்களுக்கு அவலாஞ்சிக் காற்று இன்னொரு பாடம். கயிற்றைப் பின்னால் எடுக்காமல், தண்ணீர் மேலேயே உருட்டி விடும் வீச்சு ஒன்று உண்டு, வருவதற்கு முன்னால் ஊரில் ஏதாவது ஏரிக்கரையில் அதை மட்டும் பழகிவிட்டு வாருங்கள், பாதி நாள் மிச்சமாகும்.

நான் கூடப் போகும் அண்ணன் ஒருவர் நீலகிரியின் படகர் சமூகத்துக்காரர், பக்கத்து ஹட்டிக்காரர் (ஹட்டி என்றால் படகர் ஊர்). அவருக்கு வீசுவதில் பெரிய திறமை ஒன்றும் இல்லை, வீசுவதில் அக்கறையும் இல்லை. தண்ணீரைப் பார்ப்பதில்தான் எல்லாம். கரைக்குப் போனதும் தூண்டிலைக் கோர்க்க விடமாட்டார். உட்காரச் சொல்வார். பீடி பிடிக்கிற நேரம் ஆகும் (அவர் பீடி பிடிப்பதில்லை, நேரக் கணக்குதான் அது). "அந்தப் பாறைக்குக் கீழ்ப்பக்கம் தண்ணி சுத்துது பாருங்க, அங்க ஒண்ணு நிக்குது. இன்னும் ரெண்டு அடி முன்னால போனீங்கன்னா உங்க நிழல் விழும், போயிரும்." டிரவுட் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும், வருகிற தீனி வாய்க்கே வரட்டும் என்று. அதனால் கீழிருந்து மேலாக, அதன் முதுகுப் பக்கமாக நாம் போக வேண்டும். புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. எந்தப் பாறை, எந்த நேரத்தில் அந்தப் பாறைக்கு நிழல் வரும், மழை பெய்து எத்தனை நாள் கழித்து அந்த மடு தெளியும் என்பது அங்கேயே வளர்ந்தவருக்குத்தான் தெரியும்.

குளிர்காலத்தில் சினை மீன்கள் ஓடும் தண்ணீரின் சரளைக் கல்லைக் குடைந்து முட்டையிடும். கலைந்த இடம் சுற்றிலும் இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும், அதில் ஒரு பூட்ஸ் கால் பட்டால் முட்டை நசுங்கியது நசுங்கியதுதான். அந்த மாதங்களில் அண்ணன் ஓடைக்குள் இறங்கவே விடமாட்டார், கரையிலிருந்து ஏரியில் வீசு என்பார். நான் கேட்காமலேயே ஒருவர் இப்படித் தடுத்தால் அவரிடம் தாராளமாக முழு நாளையும் ஒப்படைக்கலாம்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால் அதற்கும் முறை இருக்கிறது. தூண்டில் முள்ளின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி முள்ளை இடுக்கியால் முன்பே நசுக்கிவிடுங்கள், உருவும்போது வாய் கிழியாது. கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கை அதன் மேல் இருக்கும் வழவழப்பை எடுத்துவிடும். போட்டோ எடுக்கும் ஆசையில் தண்ணீருக்கு வெளியே தூக்கி வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. தலையை ஓட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தால் அதுவே உதறிக்கொண்டு போகும். வெயில் ஏறிய ஏப்ரல் மதியத்தில் விட்டாலும் பிழைக்காது, ஆகவே அந்த நேரத்தில் பிடிக்காமல் இருப்பதுதான் நல்லது. சமைக்க எடுக்கலாமா, எத்தனை, என்ன அளவு என்பதெல்லாம் சீட்டில் உள்ளபடி.

மஹசீர் பிடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள், மாயாறு பக்கம். வேண்டாம். திமில் மஹசீர் என்று சொல்லப்படும் காவிரிப் படுகையின் பெரிய மீனுக்கு 2018-இல்தான் அறிவியல் பெயரே உறுதியானது, அதே வருஷம் அது அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. அது கடைசியாகப் பிழைத்திருக்கும் இடங்களில் மாயாறும் ஒன்று. மாயாறு ஓடுவது புலிகள் காப்பகத்துக்குள். இதற்கு ஒப்புக்கொள்ளும் ஆளோடு எங்கேயும் போகாதீர்கள், மீனுக்கு மட்டும் இல்லை, எதற்குமே.

இனி காடு. மீனுக்கு ஒரு ஆள், விலங்குக்கு ஒரு ஆள் என்று தனித்தனியாகத் தேடுகிறார்கள். எனக்கு அதில் அர்த்தம் தெரியவில்லை. தண்ணீர் ஓரம் அசையாமல் உட்கார்ந்தால் காடே வந்துபோகும். விடிகாலையில் ஏரிக்கரைச் சேற்றில் மிளா மானின் குளம்புத் தடம், நீர்நாய் மீன் செதில் கலந்து போட்டுவிட்டுப் போன கழிவு, சோலைக்குள்ளிருந்து சீகாரப் பூங்குருவி விசிலடிப்பது, கருமந்தி ஒன்று தொண்டையிலிருந்து 'ஹூ ஹூ' என்று எழுப்பும் சத்தம். அந்தச் சத்தத்தில் அண்ணன் தலை தூக்குவார், சில சமயம் மறுபடி குனிந்துகொள்வார், சில சமயம் எழுந்து என் தோளைத் தொடுவார். அது வழக்கமான கூப்பாடா, சிறுத்தையைப் பார்த்துப் போட்ட எச்சரிக்கையா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அவருக்குத் தெரிகிறது. ஒருமுறை எச்சரிக்கை வந்த திசையிலேயே நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எதிர்க்கரையில் புல் வளைந்திருந்த இடத்தைக் காட்டினார், மூன்று செந்நாய்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. குடித்தன, போயின. நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் பேசவில்லை.

பயப்பட வேண்டியது எதற்கு என்று அவரைக் கேட்டால் புலியைச் சொல்லமாட்டார். ஒற்றைக் காட்டெருமை, கரடி, இரண்டும்தான். காட்டெருமை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் தெருக்களிலேயே நிற்கும், பார்த்துப் பார்த்து நமக்குப் பசுமாடு மாதிரி தோன்றிவிடும், செல்பி எடுக்கப் பக்கத்தில் போய்க் குத்துப்பட்டவர்கள் உண்டு. கூட்டத்தைவிடத் தனியாக நிற்கும் கடா ஆபத்து. அது மூச்சை 'புஸ்' என்று விட்டுத் தலையைத் தாழ்த்தினால் பேச்சு வார்த்தை இல்லை, வந்த வழியே பின்வாங்க வேண்டும். தேயிலைக்குள் இருக்கும் கரடிக்கு நாம் வருவது முன்கூட்டியே தெரிய வேண்டும், அதனால் அந்த இடத்தில் மட்டும் அண்ணன் சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்பார், மற்ற இடத்தில் இருமினால்கூட முறைப்பார்.

வரையாடு பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு: முக்குருத்தி தேசியப் பூங்கா ஏறக்குறைய 78 சதுர கிலோமீட்டர், முக்கியமாக வரையாட்டுக்காகவே காக்கப்படும் இடம், நினைத்தபோது உள்ளே போக முடியாது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் சேர்த்து 1,031 வரையாடுகள்தான் எண்ணப்பட்டன, நம் மாநில விலங்கு அப்போது அவ்வளவுதான். முறையான வழி என்றால், 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது. மாநிலம் முழுக்க 40 தடங்கள், இணையத்தில் பதிவு, கூட வருபவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள், அவர்களில் பலர் பழங்குடி இளைஞர்கள். அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா, பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்குருத்திப் பக்கம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தூண்டில் கிடையாது, நடை மட்டும். குழந்தைகளோடு வந்தால் கோத்தகிரி லாங்வுட் சோலை போதும். 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த சோலை, ஊரை ஒட்டியே இருக்கிறது, மரத்தடியில் நின்று காது கொடுத்தாலே பொழுது போகும்.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடர்ப் பக்கம் போகிறவர்களுக்கும் இதே கதைதான். பேரிஜம் ஏரிக்கு வனத்துறைச் சீட்டு வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்குவதாக இருந்தால் அந்த ஊர் ஆளையே கூட்டிக்கொள்ளுங்கள். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள் அங்கே, நாமும் கழற்ற வேண்டும், வெளியூர் வழிகாட்டி அதைச் சொல்லக்கூட மறந்துவிடுவார்.

முதுமலையை ஒட்டிய மசினகுடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 'நைட் சஃபாரி, யானை நிச்சயம்' என்று ஜீப்போடு கூப்பிடுவார்கள். அது சட்டவிரோதம். முதுமலைக்குள் சவாரி என்றால் வனத்துறை நடத்துவது மட்டும்தான். இரவில் காட்டோரம் விளக்கடித்து, ஹாரன் அடித்து, யானையைச் சாலைக்கு வரவழைத்துக் காட்டும் அந்தப் பகுதியில்தான் 2021 ஜனவரியில் ஒரு யானையின் மேல் தீப்பற்றிய பொருளை வீசி அது செத்துப்போனது. ஜீப்காரரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? காசு கொடுத்துவிட்டு "என்னங்க, ஒண்ணுமே காட்டலையே" என்று கேட்டது யார்? வழிகாட்டி விதியை மீறுவது பெரும்பாலும் வந்தவரின் முகம் வாடுவதைப் பார்த்துத்தான். நம்முடைய எதிர்பார்ப்புதான் அவரை இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே கிளம்பும்போதே நான் சொல்லிவிடுவேன், "அண்ணா, மீன் கிடைக்காட்டி பரவாயில்ல, எதுவும் கண்ணுல படாட்டியும் பரவாயில்ல, உங்க கூலி உங்களுக்கு." அதைச் சொன்னதும் அவர் நடையே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவசரம் போய்விடும். அப்புறம்தான் அவருக்குப் பிடித்த இடங்களுக்குக் கூட்டிப்போவார்.

பறவைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் குரலைப் போட்டுப் பறவையை இழுக்கும் வழிகாட்டியைத் தவிர்த்துவிடுங்கள். நீலகிரி சிரிப்பான் உலகத்திலேயே இந்த மலையிலும் இதை ஒட்டியும் மட்டும்தான் இருக்கிறது, கூடு கட்டும் காலத்தில் பொய்க் குரலைக் கேட்டு எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். அதைக் காத்திருந்து பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை, சோலை ஓரத்துப் புதரில் தானாகவே வரும்.

கூலி விஷயத்தில் வெளிப்படையாக இருங்கள். அரை நாள் கணக்குப் பேசாதீர்கள். விடிவதற்கு முன் எழுந்து வரும் ஆளுக்கு அன்றைய தோட்ட வேலை முழுக்கப் போச்சு, அரை நாள் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. விடுதி மூலமாகப் பிடித்தால் நீங்கள் கொடுப்பதில் எவ்வளவு அவர் கைக்குப் போகிறது என்று நேராகக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. முடிந்தால் அவர் கையிலேயே கொடுங்கள். மதியச் சாப்பாடு உங்கள் செலவு, அவருக்கும் சேர்த்து, துணிப்பையில், ஏனென்றால் நீலகிரியில் பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் கூடாது, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள், கூட்டமாகப் போனால் மீனும் இல்லை காடும் இல்லை. அட்டைக்கு உப்போ புகையிலைத் தண்ணியோ அவரே வைத்திருப்பார், மழைக்கோட்டும் முழு கால்சட்டையும் பச்சையோ பழுப்போ நிறத்தில் நீங்கள் கொண்டுவர வேண்டும்.

மழையைப் பற்றி முன்பே பேசிவிடுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, அந்த மண் எப்போது சரியும் என்று யாரும் சொல்ல முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குப் பக்கம் மீன்பிடிக்கத் திட்டமே போடாதீர்கள். மற்ற மாதங்களிலும் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு வேண்டாம் தம்பி" என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள், பாதிக் கூலியாவது அன்றைக்கே கொடுத்துவிட்டு, ஊட்டி மார்க்கெட் பக்கம் சூடாக வர்க்கி வாங்கித் தின்றுவிட்டு, அடுத்த நாளைக்குப் பேசிக்கொள்ளுங்கள்.